கடுஞ்சொல் யார்மேல் விழுகிறது?



அரசியல்வாதி ஒருவர் மேடையில் தகாத சொல்லைப் பேசிவிட்டால் அடுத்து என்ன நடக்கும் என்பது நம் எல்லோருக்கும் மனப்பாடம். காணொளி பரவும். எதிர்க்கட்சி கண்டிக்கும். பேசியவர், தம் பேச்சை வெட்டி ஒட்டித் திரித்துவிட்டார்கள் என்பார். மறுநாள், யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துவதாக ஓர் அறிக்கை வரும். மூன்றாம் நாள் வேறொருவர் வேறெங்கோ பேசியிருப்பார். இந்தச் சடங்கில் ஆளுக்கொரு பங்கு உண்டு. ஆனால் அந்தப் பேச்சு எந்த அறத்தை மீறியது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. 'அநாகரிகம்' என்ற ஒரே முத்திரையைக் கொச்சையான வசவுக்கும் குத்துகிறோம், ஆட்சியாளருக்குக் கசக்கும் உண்மைக்கும் குத்துகிறோம். அதனால் அந்த முத்திரைக்கே மதிப்பில்லாமல் போய்விட்டது. இன்று நான் நிறுவ விரும்புவது ஒன்றுதான். பொதுவாழ்வில் ஒரு பேச்சு நாகரிகமானதா என்பதைச் சொல்லின் காரத்தைக் கொண்டு அளக்கக் கூடாது. பேசுபவர் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது, அந்தச் சொல் யார்மேல் விழுகிறது, விழுந்தவருக்கு எழுந்து பதில் சொல்ல வழி உண்டா என்பவற்றைக் கொண்டே அளக்க வேண்டும்.

காரத்தை அளவுகோலாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு நாடாளுமன்றமே சான்று. அவதூறான, ஆபாசமான, அவைக்கு ஒவ்வாத, கண்ணியக் குறைவான சொற்களை அவைக்குறிப்பிலிருந்து நீக்க மக்களவை விதி 380 அவைத்தலைவருக்கு அதிகாரம் தருகிறது. இப்படி நீக்கப்பட்ட சொற்களைத் தொகுத்து மக்களவைச் செயலகம் 2022 ஜூலையில் ஒரு கையேடு வெளியிட்டது. ஊழல், துரோகம், வெட்கம், நாடகம், திறமையின்மை ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் அதில் இடம்பெற்றிருந்தன. எதிர்க்கட்சிகள் கொதித்தன. எந்தச் சொல்லுக்கும் தடை விதிக்கவில்லை, முன்பு நீக்கப்பட்டவற்றின் தொகுப்புதான் இது என்று அவைத்தலைவர் ஓம் பிர்லா விளக்கினார். விளக்கம் சரியே. என்றாலும், ஓர் ஆட்சியை ஊழல் ஆட்சி என்றும் திறமையற்ற ஆட்சி என்றும் சொல்லக் கூடாதென்றால் எதிர்க்கட்சி அவைக்கு எதற்காக வருகிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. இதற்கு ஓராண்டு முன்பு, 2021 ஜூலை 20 அன்று, மாநிலங்களவையில் ஒரு பதில் தரப்பட்டது. ஆக்சிஜன் பற்றாக்குறையால் மரணம் நேர்ந்ததாக மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் குறிப்பிட்டுத் தெரிவிக்கவில்லை என்று சுகாதாரத் துறை இணையமைச்சர் எழுத்துமூலம் தெரிவித்தார். அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான் டெல்லி மருத்துவமனைகள் ஆக்சிஜன் கேட்டு உயர்நீதிமன்றத்துக்கு ஓடியிருந்தன. மாநிலங்கள் அனுப்பிய தகவலைத்தான் சொன்னோம் என்ற வாதம் தாளில் சரி. அந்தத் தகவலை அனுப்பாத மாநிலங்களும் இதில் பங்காளிகள். ஆனால் உருளைக்கு வரிசையில் நின்று உறவினரைப் பறிகொடுத்தவர்கள் கேட்ட பேச்சுகளிலேயே கொடுமையான ஒன்று இது. அதில் நீக்குவதற்கு ஒரு சொல்கூட இல்லை. அத்தனையும் பதவிசான சொற்கள்.

நம் அறநூல்கள் இந்த இடத்தில் நாம் நினைப்பதைவிட நுட்பமானவை. வள்ளுவர் என்றதும் 'இனியவை கூறல்' அதிகாரத்தை நினைத்துக்கொள்கிறோம். பேச்சு நாகரிகம் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான் என்று நிறுத்தியும் விடுகிறோம். அந்த அதிகாரம் இல்லறவியலில் இருக்கிறது. வீட்டுக்கும் சுற்றத்துக்கும் உரிய அறம் அது. பொருட்பாலுக்கு வந்து ஆட்சியாளனைப் பற்றிப் பேசும்போது அவர் இரண்டு தட்டுகளை வைக்கிறார், இரண்டும் சமமாக இல்லை. இறைமாட்சியில், அரசன் காண்பதற்கு எளியவனாக இருக்க வேண்டும், கடுஞ்சொல் பேசாதவனாக இருக்க வேண்டும் என்கிறார். அதே அதிகாரத்தில், தன் செவிக்குக் கசக்கும் சொல்லைப் பொறுத்துக்கொள்வது அரசனின் பண்பு என்கிறார். வெருவந்த செய்யாமையில், கடுமொழி அரசனின் வலிமையையே அறுத்துத் தேய்க்கும் என்கிறார். பெரியாரைத் துணைக்கோடலில், இடித்துச் சொல்வார் இல்லாத அரசன் கெடுப்பாரின்றியே கெடுவான் என்கிறார். இவற்றைச் சேர்த்துப் படித்தால் கிடைப்பது தெளிவு: அதிகாரத்தில் இருப்பவன் மென்மையாகப் பேச வேண்டும், வன்மையான பேச்சைத் தாங்க வேண்டும். கீழிருந்து மேல் செல்லும் கசப்புக்கு இடம் உண்டு. மேலிருந்து கீழ் இறங்கும் கசப்புக்கு இடம் இல்லை. மணிமேகலையும் சொல்லில் பிறக்கும் குற்றங்களாக நான்கை எண்ணுகிறது: பொய், புறங்கூறல், கடுஞ்சொல், பயனற்ற சொல். நம் தொலைக்காட்சி விவாதங்கள் இந்த நான்கில் மூன்றாவதை மட்டும் குற்றமாக நடத்துகின்றன. முதலாவது செய்தியாகவே போய்ச் சேர்கிறது. நான்காவதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குகிறார்கள்.

இந்தச் சமனற்ற தட்டு தமிழ் மரபின் தனிச்சொத்து என்று பெருமை கொள்ளத் தேவையில்லை. ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் எழுதிய 'சுதந்திரம் பற்றி' நூலின் இரண்டாம் அத்தியாயம் இதே கேள்வியோடுதான் முடிகிறது. விவாதத்தில் நிதானம் தேவை என்று முழங்குகிறவர்கள், வலுவான தரப்பின் வசைகளைக் கண்டுகொள்வதில்லை, நலிந்த தரப்பின் கோபத்தை மட்டும் குற்றமாக்குகிறார்கள் என்று அவர் கவனித்தார். செல்வாக்குள்ள கருத்தின் பக்கம் நின்று வீசும் வசை, எதிர்க்கருத்து உள்ளவர்களின் வாயையே மூடிவிடும். செல்வாக்கற்றவரின் வசையோ அவருக்கே பகையைத் தேடித்தரும். ஆகவே கட்டுப்படுத்த வேண்டியது முதலாவதையே என்பது அவர் வாதம். இரண்டு மரபுகள், இரண்டு காலங்கள், முடியாட்சியும் மக்களாட்சியும். ஆனாலும் சாய்வு ஒரே பக்கம் இருக்கிறது.

அதிகாரம் கீழ்நோக்கிப் பேசும்போது என்ன நேர்கிறது என்பதற்கு, என் பார்வையில், 2016-இல் நடந்ததைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. அந்த ஆண்டு ஜூலை இறுதியில் உத்தரப் பிரதேசத்தின் புலந்த்ஷஹர் அருகே நெடுஞ்சாலையில் ஒரு குடும்பத்தை வழிமறித்த கும்பல், தாயையும் சிறுமியான மகளையும் கூட்டு வன்கொடுமைக்கு ஆளாக்கியது. மாநில அமைச்சராக இருந்த ஆசம் கான், இதன் பின்னால் அரசியல் சதி இருக்கலாம் என்று பேசினார். அந்தப் பேச்சில் கெட்ட வார்த்தை எதுவும் இல்லை. அவையில் பேசியிருந்தால்கூட எந்தத் தலைவரும் அதை நீக்கியிருக்க மாட்டார். ஆனால் பேசியவர் அமைச்சர். புகாரை விசாரிக்கும் காவல் துறை அவர் இடம்பெற்ற அரசின் கீழ் இயங்கியது. கேட்டவர்கள், நீதிக்கு அந்த அரசையே நம்பியிருந்த குடும்பத்தினர். ஒரு பெட்டிக்கடை வாசலில் யாரோ ஒருவர் இதையே சொல்லியிருந்தால் அது வம்புப் பேச்சு. அமைச்சர் வாயிலிருந்து வரும்போது, உங்கள் புகாரை நாங்கள் நம்பவில்லை என்ற அரசின் அறிவிப்பாகவே அது அவர்கள் காதில் விழும். குடும்பம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அமைச்சர் முதலில் தந்த பிரமாணப் பத்திரம் நிபந்தனையற்ற மன்னிப்பாக இல்லை என்று நீதிமன்றம் ஏற்கவில்லை. டிசம்பரில் மாற்றித் தந்ததையே ஏற்றது.

அந்த வழக்கில் எழுந்த பெரிய கேள்விகள் அரசியல் சாசன அமர்வுக்குச் சென்றன; 2023 ஜனவரி 3 அன்று ஐந்து நீதிபதிகள் தீர்ப்பு வழங்கினார்கள். அரசியல் சாசனத்தின் 19(2) பிரிவு பேச்சுரிமைக்குச் சில வரம்புகளைச் சொல்கிறது. நாட்டின் இறையாண்மை, பொது ஒழுங்கு, கண்ணியம், ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் முதலியவை அதில் அடங்கும். இவற்றுக்கு மேல் அமைச்சர்களுக்கென்று புதிய வரம்பு எதையும் நீதிமன்றம் விதிக்க முடியாது என்று அமர்வு முடிவு செய்தது. அமைச்சர் பேசியதை அப்படியே அரசின் பேச்சாகக் கொள்ள முடியாது என்றது பெரும்பான்மை. பதவி சார்ந்து, அரசின் நிலைப்பாடாக வெளிப்படும் இழிவுரைக்கு அரசும் பொறுப்பேற்க வேண்டியிருக்கும் என்று நீதிபதி பி.வி. நாகரத்னா வேறுபட்டார். தம் கட்சிக்காரர்களின் பேச்சை நெறிப்படுத்தக் கட்சிகளே நடத்தை நெறி வகுக்கலாம் என்றும் அவர் எழுதினார். சட்டம் என்ற அளவில் புதிய தடை வேண்டாம் என்ற முடிவை நான் வரவேற்கிறேன். அந்தக் கதவைத் திறந்தால் முதலில் உள்ளே தள்ளப்படுகிறவர் அமைச்சராக இருக்க மாட்டார், அமைச்சரைத் திட்டியவராகவே இருப்பார். ஆனால் சட்டம் தண்டிக்காத ஒவ்வொன்றும் அறத்தின் கண்ணிலும் குற்றமற்றது என்று பொருளில்லை. நீதிமன்றம் எங்கே கை கட்டி நிற்கிறதோ அங்கேதான் நம் வேலை தொடங்குகிறது.

அதிகாரத்தைக் கணக்கில் எடுக்காமல் மரியாதையை அளப்பதன் அபத்தம் தமிழில் இன்னும் துலக்கமாகத் தெரியும். தமிழக அரசியலில் மிக எளிதாக எழும் குற்றச்சாட்டு, 'தலைவரை ஒருமையில் பேசிவிட்டார்' என்பது. முதலமைச்சரை ஒருவர் 'நீ' என்று சொன்னால் அன்று மாலைக்குள் உருவபொம்மை எரியும், காவல் நிலையத்தில் புகார் பதிவாகும். தாலுகா அலுவலகத்தில் எழுபது வயது விவசாயியை இளநிலை அலுவலர் 'நீ, வா, போ' என்று பேசுவது யாருக்கும் செய்தியாகத் தெரிவதில்லை. அந்த விவசாயி ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவராக இருந்தால் அந்த ஒருமைக்குப் பின்னால் தலைமுறை தலைமுறையான இழிவு நிற்கிறது. மேடையிலிருந்து முதலமைச்சரை நோக்கிப் போகும் 'நீ' அவர் பதவியில் ஒரு கீறலும் போடாது. கீழே இறங்கும் 'நீ' அந்த மனிதர் மறுநாள் அந்த அலுவலகப் படியேறுவதையே தடுக்கலாம். ஊர்க் கூட்டத்தில் வெகுண்டு ஒருமையில் பேசும் பெண்ணிடம் மரியாதை கற்றுக்கொள் என்று அதட்டும் சட்டமன்ற உறுப்பினர், அவரே எத்தனை பேரை ஒருமையில் அழைத்திருக்கிறார் என்று யோசிப்பது நல்லது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும். கீழிருப்பவர் எதையும் பேசலாம் என்று சொல்கிறாயே, எதிர்க்கட்சிக்கு வசைபாட உரிமம் எழுதிக் கொடுக்கிறாயா? இல்லை. கசப்பு வேறு, இழிவு வேறு. ஒருவர் செய்ததைச் சாடுவது கசப்பு. அவர் பிறந்ததை, பெற்றவளை, உடலை, சாதியை, மதத்தைச் சாடுவது இழிவு. இந்தக் கோடு அதிகாரத்தைப் பார்த்து நகராது. 2021 சட்டமன்றத் தேர்தலில், தி.மு.க.வின் ஆ. ராசா இரு தலைவர்களின் அரசியல் வளர்ச்சியைக் குழந்தைப் பிறப்போடு உவமித்துப் பேசினார். அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, சில மாதங்களுக்கு முன் இறந்த தம் தாயை அது இழிவுபடுத்தியதாகப் பிரச்சாரத்தில் கண் கலங்கினார். ராசா மன்னிப்புக் கேட்டார். தேர்தல் ஆணையம் 48 மணி நேரம் பிரச்சாரம் செய்யத் தடை விதித்து, நட்சத்திரப் பேச்சாளர் பட்டியலிலிருந்தும் அவரை நீக்கியது. அரசியல் வாழ்க்கையைப் பற்றிய உவமைதான், தனிமனிதர் பற்றியது அன்று என்று அவர் விளக்கியதை ஏற்றுக்கொண்டே பார்ப்போம். பேசியவர் எதிர்க்கட்சி, இலக்கு முதலமைச்சர். என் அளவுகோல்படி அவருக்குச் சலுகை உண்டு. ஆனால் அந்த உவமை வேலை செய்ய வேண்டுமானால், முறைப்படியான திருமணத்துக்கு வெளியே பிறப்பது இழிவு என்று கூட்டம் நம்ப வேண்டும். புரோகிதரும் சடங்கும் இல்லாத திருமணங்களை நடத்தி, அவற்றில் பிறந்த பிள்ளைகள் மீது வீசப்பட்ட ஏச்சுகளைத் தாங்கி, கடைசியில் 1967-இல் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பைப் பெற்றுத் தந்தது அவருடைய இயக்கமே. அந்தச் சொல் எடப்பாடியார்மேல் விழுந்ததைவிட, அந்த இயக்கத்தை நம்பி வந்த பெண்கள்மேல் அதிகமாக விழுந்தது. சொல் எங்கே விழுகிறது என்று கேட்கச் சொல்வது இதனால்தான். பெரும்பாலும் அது குறிவைத்த ஆளைத் தாண்டிப் போய் யாரென்றே தெரியாதவர்மேல் விழுகிறது.

இதே கோட்டைக் கொண்டு ராகுல் காந்தியின் கோலார் பேச்சையும் பார்க்கலாம். 2019 ஏப்ரல் 13 அன்று, பிரதமரைச் சாடும் வேகத்தில் ஒரு குடும்பப் பெயரையே திருடர்களோடு சேர்த்துக் கேலி செய்தார். பிரதமரின் செயலை என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். குடும்பப் பெயர் பிறப்போடு வருவது. அதைத் தொட்டது தவறு. ஆனால் 2023 மார்ச் 23 அன்று சூரத் நீதிமன்றம் அதற்கு அதிகபட்சத் தண்டனையான இரண்டு ஆண்டுச் சிறையை விதித்தது. மறுநாளே அவர் எம்.பி. பதவி போனது. ஒரு நாள் குறைந்திருந்தால் பதவி போயிருக்காது. அதிகபட்சத் தண்டனைக்குக் காரணம் சொல்லப்படவில்லை என்று சுட்டிக்காட்டி உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 4 அன்று தீர்ப்பை நிறுத்தி வைத்தது. அந்தப் பேச்சு நல்ல ரசனையோடு இல்லை, பொதுவாழ்வில் உள்ளவர் கவனமாகப் பேச வேண்டும் என்பதையும் அதே நீதிமன்றம் சொன்னது. அறத்தின் கண்டனமும் சட்டத்தின் தண்டனையும் வேறு வேறு என்பதை ஒரே உத்தரவில் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னது அரிது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், சட்டமன்றங்கள் தம்மைத் தாமே எப்படி நெறிப்படுத்திக்கொள்கின்றன? அரசியல் சாசனத்தின் 105(2) பிரிவின்படி, அவைக்குள் பேசியதற்காக ஒரு எம்.பி.யை எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது. மாநிலங்களுக்கு 194-ஆம் பிரிவு. அதாவது அங்கே அறத்தைக் காக்க அவையைத் தவிர வேறு நாதி இல்லை. 2023 செப்டம்பர் 21 அன்று, சந்திரயான்-3 வெற்றி பற்றிய விவாதத்தில், பா.ஜ.க. உறுப்பினர் ரமேஷ் பிதூரி, பகுஜன் சமாஜ் உறுப்பினர் டேனிஷ் அலியை அவருடைய மதத்தைச் சொல்லி ஏசினார். ராஜ்நாத் சிங் உடனே வருத்தம் தெரிவித்தார். சொற்கள் நீக்கப்பட்டன. அவைத்தலைவர் எச்சரித்தார். விவகாரம் உரிமைக் குழுவுக்குப் போனது. டிசம்பரில் பிதூரி வருத்தம் தெரிவித்தார். அதே டிசம்பரில், நாடாளுமன்றப் பாதுகாப்பு மீறல் குறித்து உள்துறை அமைச்சர் அவையில் விளக்கம் தர வேண்டும் என்று பதாகை ஏந்திக் கூச்சலிட்ட எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 146 பேர் இரு அவைகளிலும் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். கூச்சல் போடுவது ஒழுங்கீனம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு சக உறுப்பினரின் மதத்தைச் சொல்லி ஏசுவதற்கு வருத்தம் போதும், அமைச்சரைப் பேசச் சொல்லிக் கத்துவதற்கு வெளியேற்றம் வேண்டும் என்ற கணக்கு எந்த அறநூலிலும் இல்லை. இது ஒரு கட்சியின் குணம் என்று நினைக்க வேண்டாம். அ.தி.மு.க. ஆட்சியில் 2016 ஆகஸ்டில் தமிழகச் சட்டமன்றமும் தி.மு.க. உறுப்பினர்கள் 79 பேரை ஒரு வாரத்துக்கு வெளியே அனுப்பியது. எந்த அவையிலும் பெரும்பான்மைக்குத் தன் காதில் விழும் சத்தம்தான் அநாகரிகம்.

அதிகாரம் என்றால் பதவி மட்டுமா என்று கேட்கலாம். பதவியில் இல்லாமலே பெருங்கூட்டத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் இன்று ஏராளம், அவர்களுக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். 2018 ஏப்ரலில் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு முகநூல் பதிவை, அப்போது பா.ஜ.க.வில் இருந்த எஸ்.வி. சேகர் பகிர்ந்தார். நான் எழுதவில்லை, படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்றார், நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். வழக்கை ரத்து செய்ய உச்ச நீதிமன்றம் 2023-இல் மறுத்தது. 2024 பிப்ரவரியில் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறைத் தண்டனை விதித்தது. படிக்காமல் பகிர்ந்தேன் என்ற வாதம் ஒரு சாதாரணப் பயனரிடமிருந்து வந்தால் அசட்டை என்று விடலாம். ஒரு கட்சிப் பிரமுகரின் பக்கத்திலிருந்து போகும்போது அந்தப் பதிவுக்குப் பின்னால் அவர் பெயரும் கட்சியும் சேர்ந்தே போகின்றன. தானியம் பதுக்குகிறவர்கள் ஏழைகளைப் பட்டினி போடுகிறார்கள் என்று பத்திரிகையில் எழுதலாம், அதையே வியாபாரியின் வீட்டு வாசலில் கொதித்து நிற்கும் கூட்டத்திடம் சொன்னால் தண்டிக்கலாம் என்று மில் பிரித்துக் காட்டினார். இன்று கைப்பேசி வழியாக அந்தக் கூட்டம் எப்போதும் யாரோ ஒருவர் வாசலில் நின்றுகொண்டே இருக்கிறது. வெறுப்புப் பேச்சு குறித்து 2017 மார்ச்சில் சட்ட ஆணையம் அளித்த 267-ஆவது அறிக்கை, பேச்சின் தீவிரத்தோடு பேசியவரின் தகுதிநிலையையும் பாதிக்கப்பட்டவரின் நிலையையும் சூழலையும் பார்க்கச் சொன்னது. செல்வாக்கு உள்ளவரின் பொறுப்பு கூடுதல் என்று 2020 டிசம்பரில் அமிஷ் தேவ்கன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆக, சட்டம்கூட யார் பேசியது என்று கேட்கத் தொடங்கிவிட்டது.

அடுத்த மறுப்பு நம் மண்ணிலிருந்தே வருவது. நாகரிகம், நாகரிகம் என்பதெல்லாம் படித்த மேல்தட்டின் சட்டை. மக்கள் மொழியில் பேசியதால்தான் திராவிட இயக்க மேடைகள் வயல்காட்டு மனிதரை அரசியலுக்குள் கொண்டுவந்தன. அந்த மேடையின் காரத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கனவான்களின் தேநீர் விருந்து. இதில் பாதிக்கு மேல் உண்மை என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1952-இல் முதலமைச்சராக வந்த ராஜாஜி சட்டமன்றத்திலேயே கம்யூனிஸ்டுகளைத் தம் முதல் எதிரி என்று அறிவித்தார். கடுமையான சொல்தான், ஆனால் கொள்கையைப் பற்றியது, எதிரே அமர்ந்திருந்தவர்களுக்கு அந்த நிமிடமே பதில் சொல்ல வாய்ப்பும் இருந்தது. அவர் 1953-இல் கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று பெயர் சூட்டிப் பெரியார் தெருத்தெருவாக எதிர்த்தார். அந்தப் பெயரைவிடக் கூர்மையான வசை அந்த ஆண்டில் எழுந்திருக்காது. ராஜாஜி 1954-இல் பதவி விலகினார். 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது இறுதி நிகழ்வுக்கு வந்து கண்ணீர் விட்டவரும் பெரியாரே. இதைச் சொல்லி அந்தக் காலத்தைப் பொற்காலம் ஆக்க மாட்டேன். பிறப்பை வைத்து ஒரு சமூகம் முழுவதையும் சாடிய பேச்சுகளும் நம் மேடைகளில் இருந்தன, எல்லாத் தரப்பிலும் இருந்தன. நான் போட்ட கோடு அவற்றையும் விட்டுவைக்காது. என் பதில் இதுதான்: மக்கள் மொழி என்பதற்கும் மனிதரை இழிவுபடுத்தும் மொழி என்பதற்கும் முடிச்சுப் போடுகிறவர்கள் மக்களைத்தான் கேவலப்படுத்துகிறார்கள். கொச்சை கேட்டுக் கூட்டம் சிரிக்கிறது என்பது மெய். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் பெண்கள் சிரிக்கிறார்களா என்று யாராவது திரும்பிப் பார்த்ததுண்டா?

மறுபக்கம், தலைவர்களின் மானத்துக்கு நம் சட்டம் தரும் காவலைப் பாருங்கள். சாதாரணக் குடிமகனை யாராவது அவதூறு செய்தால் அவரே வக்கீல் வைத்து நீதித்துறை நடுவரிடம் புகார் கொடுக்க வேண்டும். அமைச்சரின் பொதுக் கடமை சார்ந்து அவதூறு நேர்ந்தால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 199(2) பிரிவின்படி, அரசு வழக்கறிஞரே நேராக அமர்வு நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம், செலவு அரசுக்கு. புதிய சட்டத்திலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. தமிழ்நாட்டில் மாறி மாறி வந்த ஆட்சிகள் இதைத் தாராளமாகப் பயன்படுத்தின. விஜயகாந்த் தொடர்பான வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம், விமர்சனத்தை ஒடுக்க அவதூறு வழக்கைக் கருவியாக்குவது குறித்து அன்றைய அ.தி.மு.க. அரசைக் கண்டித்தது. இத்தனைக்கும் நக்கீரன் இதழ் தொடர்பான 1994 தீர்ப்பு, பொதுப் பணியில் இருப்பவரின் பணி குறித்த விமர்சனத்துக்கு நிவாரணம் கேட்டால் அது பொய் என்றும் உண்மையைப் பொருட்படுத்தாமல் வெளியிடப்பட்டது என்றும் அவரே நிறுவ வேண்டும் என்று சொல்லியிருந்தது. செவி கைக்கும் சொல்லைப் பொறுக்க வேண்டியவருக்கு அரசு வக்கீல்; பொறுக்கத் தேவையில்லாதவருக்குக் கோர்ட்டு வாசல். வள்ளுவர் வைத்த தட்டு இங்கே தலைகீழாகத் தொங்குகிறது.

சரி, யார் அளப்பது? சட்டத்தில் புதிய தடை கூடாது என்பதை முன்பே சொன்னேன். தேர்தல் ஆணையத்தின் நடத்தை விதிகள், விமர்சனத்தைக் கொள்கை, திட்டம், கடந்தகாலச் செயல்பாடு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளவும், பொதுப்பணியோடு தொடர்பில்லாத தனிவாழ்வைத் தொடாதிருக்கவும் சொல்கின்றன. 1960-இல் கேரளத் தேர்தலில் முளைத்த இந்த விதிகளின் சாரம் நன்று. ஆனால் தேர்தல் முடிந்தால் அவற்றின் ஆயுளும் முடிந்தது. 48 மணி நேரம், 72 மணி நேரம் என்று விதிக்கும் தடைகள், அடுத்த கூட்டத்துக்கான விளம்பரமாக மாறுவதையும் 2019-இலிருந்து பார்க்கிறோம். மீதி இருப்பது கட்சிகள். 2025 ஏப்ரலில், தமிழக அமைச்சர் பொன்முடி பாலியல் தொழிலாளரையும் சைவ, வைணவச் சமயங்களையும் இணைத்துக் கொச்சையாகப் பேசிய காணொளி வெளியானது. தி.மு.க. உடனே அவரைத் துணைப் பொதுச்செயலாளர் பொறுப்பிலிருந்து நீக்கியது. அம்மாத இறுதியில் அமைச்சர் பதவியிலிருந்தும் விலகினார். அடுத்த மாதமே மத்தியப் பிரதேச அமைச்சர் விஜய் ஷா, ராணுவப் பெண் அதிகாரி ஒருவரை அவருடைய மதத்தை வைத்துப் பயங்கரவாதிகளோடு உறவு சேர்த்துப் பேசினார். உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்குப் பதியச் சொல்ல வேண்டியிருந்தது. அவருடைய மன்னிப்பை ஏற்க மறுத்த உச்ச நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கச் சொன்னது. முதலாவதில் கட்சி முந்திக்கொண்டது, இரண்டாவதில் நீதிமன்றம் முந்தியது. கட்சி முந்துவதே நல்லது. தேர்தல் நெருங்கும் பயத்தில் முந்தினாலும் சரி, அறவுணர்வில் முந்தினாலும் சரி, மக்களாட்சியில் அந்தப் பயமும் ஒரு நல்ல காவல்தான்.

கட்சிகளிடம் நான் கேட்பது பெரிய சாசனம் ஒன்றும் இல்லை. உறுப்பினர் நடத்தை பற்றிய விதிகளில் ஒரு பிரிவு சேர்க்கட்டும்: பதவியில் இருப்பவர் குடிமக்களைப் பற்றிப் பேசிய பேச்சுக்கு, தலைவரைப் பற்றித் தொண்டர் பேசிய பேச்சைவிடக் கடுமையான நடவடிக்கை உண்டு என்று. இப்போது எல்லாக் கட்சிகளிலும் நிலைமை நேர்மாறு. தலைமையை ஒரு சொல் சொன்னவர் அன்று மாலையே நீக்கப்படுகிறார். ஊரை ஏசியவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போகிறது. ஊடக நண்பர்களிடமும் ஒரு வேண்டுகோள். 'சர்ச்சைப் பேச்சு' என்று தலைப்பிடுவதை நிறுத்துங்கள். யார்மேல் விழுந்தது என்று எழுதுங்கள். மன்னிப்பு வந்தால், விழுந்தவரிடம் கேட்கப்பட்டதா, கட்சித் தலைமையிடம் கேட்கப்பட்டதா, பொத்தாம்பொதுவாகக் காற்றில் விடப்பட்டதா என்று எழுதுங்கள். புலந்த்ஷஹர் குடும்பத்தின்மேல் சந்தேகத்தை எறிந்த அமைச்சர், மன்னிப்புக் கேட்ட பிறகும், 2017 மார்ச்சில் அவருடைய கட்சி தேர்தலில் தோற்று ஆட்சியை விட்டு இறங்கும்வரை அமைச்சராகவே இருந்தார்.